அப்பா பேரில் ஓடும் வண்டி

கோபத்தில்தான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி அவசரமில்லை, ரயிலைப் பிடிக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. ராஜேந்திர நகரில் டியூஷன் முடிந்த மகளைக் கூட்டிக்கொண்டு ஆர்.கே.புரத்துக் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் சாம்பார் வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் அவசரம்.

தௌலா குவான் தாண்டியதும் ஒரு வெள்ளை எஸ்யூவி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. விடாமல் ஹாரன். நான் என் பாட்டுக்கு ஐம்பத்தைந்தில் போய்க்கொண்டிருக்கிறேன், வலது பக்கம் வழி திறந்து கிடக்கிறது, போய்த் தொலைய வேண்டியதுதானே? போகவில்லை. பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினான். "ஆண்ட்டி ஜி, சலானா நஹி ஆத்தா தோ ஆட்டோ லே லோ!" என்று கத்திவிட்டுச் சிரித்தான். ஓட்டத் தெரியாவிட்டால் ஆட்டோவில் போங்கள் என்று அர்த்தம். ஆண்ட்டி என்றதைக்கூட மன்னித்துவிடுவேன், நாற்பத்திரண்டு வயதாகிறது, வேறென்ன சொல்வான். ஓட்டத் தெரியாது என்றானே, அதுதான் தாங்கவில்லை.

மிதித்தேன். ஒன்றரை நிமிடம் இருக்கும். அவனைப் பின்னால் விட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒன்றரை நிமிடம் அமிர்தமாக இருந்தது. அப்போதுதான் பக்கத்துச் சீட்டிலிருந்து மகள் அலறினாள். "அம்மா, கேமரா! ஸ்பீட் தேகோ!" வேகத்தைப் பார் என்கிறாள். போர்டில் அறுபது என்று இருந்தது. ஊசி எழுபத்திரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே கம்பத்தில் கேமரா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. எஸ்யூவிக்காரன் இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பான் போல, பின்னால் சமர்த்தாக மெதுவாக வந்துகொண்டிருந்தான்.

பயந்துவிட்டேன். அபராதத்துக்காக இல்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவள், கட்டிவிட்டுப் போகிறேன். வண்டி அப்பா பேரில் இருந்தது. அபராதம் விழுந்தால் குறுஞ்செய்தி திருநெல்வேலியில் அப்பாவின் கைப்பேசிக்குத்தான் போகும்.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். முப்பத்தோரு வருடம் ஓட்டினார். ஒரு விபத்து கிடையாது, ஒரு கேஸ் கிடையாது. விபத்தில்லாமல் ஓட்டியதற்காகக் கொடுத்த சான்றிதழ் எங்கள் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குச் சரிசமமாக மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்காத மாதிரி இருந்தால், அப்பா அந்தப் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போடுவார். ஓய்வு பெற்ற பணத்தில் இந்தக் காரை வாங்கினார். ஆறு வருடம் தானே ஓட்டினார். அதன்பின் சர்க்கரை கண்ணைத் தின்றது, இனி ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கார் தனக்குத்தான் என்று அண்ணன் நினைத்திருந்தான். அதே தெருவில் இருக்கிறான், ஆண்பிள்ளை, அவன் நினைத்ததில் தப்பில்லை. அப்பா யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் லாரியில் ஏற்றி டெல்லியில் இருக்கும் எனக்கு அனுப்பிவிட்டார். எனக்கே நம்ப முடியவில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வண்டி ஓட்டக் கேட்டதற்கு, "பொம்பளப் பிள்ளைக்கு ஸ்டீயரிங் எதுக்கு?" என்று கேட்ட மனிதர் அவர். நான் ஓட்டப் பழகியது முனிர்காவில் ஒரு டிரைவிங் ஸ்கூலில், முப்பத்தொன்பதாவது வயதில். கணவர் ராணுவத்தில், ஆறு மாதத்துக்கு ஒரு எல்லையில் இருப்பார். அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தால் மகளை எங்கேயும் கூட்டிப்போக முடியாது. சொல்லிக்கொடுத்தவர் "மேடம் ஜி, கிளட்ச்! கிளட்ச்!" என்று தலையில் அடித்துக்கொண்டே ஒரு மாதத்தை ஓட்டினார்.

கார் கிளம்பிய அன்று அண்ணன் அப்பாவிடம், "டெல்லி ரோட்டுல ஒரு மாசம் தாங்காது, பாத்துக்கிடுங்க. வண்டியும் போவும், ஒங்க பேரும் போவும்" என்றானாம். அப்பா பதில் பேசவில்லை. எனக்கு மட்டும் போன் செய்து, "ஆர்.சி. இப்ப எம் பேருலயே இருக்கட்டும். நீ எப்படி ஓட்டுதன்னு பாப்போம்" என்றார். பாப்போம் என்றால் பாப்போம்தான். அந்த வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டே பத்து மாதம் ஓட்டினேன். ஒரு கீறல் விழவில்லை. டெல்லியில் கீறல் விழாத வண்டியைக் காட்டுங்கள் பார்ப்போம்! சிக்னலில் தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு யாராவது கண்ணாடியை இறக்கி "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். திருநெல்வேலி என்று சொல்லும்போது என் முதுகு தானாக நிமிரும்.

இப்போது ஒன்றரை நிமிடக் கோபத்தில் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கேமராவுக்குக் காட்டியாயிற்று.

திங்கட்கிழமை ஆபீசில் விசாரித்தேன். எங்கள் செக்‌ஷனில் இதில் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர், "அரே மேடம், பாஹர் கா நம்பர் ஹை, நஹி ஆயேகா" என்றார். வெளிமாநில நம்பருக்கு வராது என்பது அவர் கட்சி. இன்னொருவர் தன் மைத்துனனுக்கு நாற்பது நாள் கழித்து வந்தது என்றார். மூன்றாமவர் அந்தக் கேமரா பாதி நாள் வேலை செய்யாது என்று சத்தியம் செய்தார். மூன்று பேரையும் நம்பினேன். காலையில் முதலாமவரை, மத்தியானம் மூன்றாமவரை, இரவு படுக்கும்போது மைத்துனனை. இடையிடையே இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். எதுவும் இல்லை, எதுவும் இல்லை என்றே ஒவ்வொரு முறையும் காட்டியது. அதையும் நம்ப முடியவில்லை.

அதைவிடக் கஷ்டம் சாயங்காலங்கள். தினமும் ஆறரை மணிக்கு அப்பா போன் செய்வார். அன்றைக்குத் தன் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்திகளை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டி வாசிப்பார், நான் அர்த்தம் சொல்ல வேண்டும். வருடக் கணக்காக இது எங்கள் வழக்கம். அதே தெருவில் அண்ணன் இருக்கிறானே, அவனிடம் கேட்கக்கூடாதா என்றால், "அவன் படிச்சிட்டு ஒண்ணுமில்லன்னு போயிருவான். நீதான் வெவரமா சொல்லுவ" என்பார். அந்த நாட்களில் அவர் "அடுத்தது ஒண்ணு வந்திருக்கு" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். பார்த்தால் கடன் வேண்டுமா என்று யாரோ கேட்டிருப்பான், இல்லையென்றால் பல் செட்டுக்குத் தள்ளுபடி என்றிருப்பான். கரண்டியைத் திரும்ப எடுப்பேன்.

மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். டெல்லியில் பிறந்தவள், தமிழ் அவளுக்கு விருந்துக்கு வரும் மொழி. "அம்மா, டென்ஷன் மத் லோ. இன்சூரன்ஸ் ரிமைண்டர்னு தாத்தாகிட்ட போல் தோ. நாம ஆன்லைன்ல பே பண்ணிடலாம். கிஸ்ஸா கதம்" என்றாள். குறுஞ்செய்தி வந்தால் இன்சூரன்ஸ் நினைவூட்டல் என்று சொல்லிவிடு, கதை முடிந்தது என்கிறாள். நல்ல யோசனை. அப்பா கண்டுபிடிக்கப் போவதில்லை. சமையல் செய்யும்போது அதை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கூடப் பார்த்தேன். "ஒண்ணுமில்லப்பா, இன்சூரன்ஸ்காரங்க ஞாபகப்படுத்துறாங்க." குரல் நடுங்காமல் வரும்வரை பழகினேன். இதையும் மறைக்காமல் எழுதித்தான் ஆக வேண்டும்.

பதினோராவது நாள் ஆறரை மணிக்குப் போன் வந்தது. அப்பா குரலில் ஒரு துள்ளல்.

"எம்மா, நம்ம வண்டி நம்பரு வந்திருக்கு! டெல்லின்னும் போட்டிருக்கான். இத மொதல்ல வாசிக்கேன், இரி."

நான் அடுப்பை அணைத்தேன்.

"என்னமோ நீளமா எழுதியிருக்கான். ஏம்மா, நல்லா ஓட்டுதன்னு சர்டிபிகேட்டு குடுக்கானா? எங்களுக்கெல்லாம் டிப்போவுல குடுப்பானே, அதே மாதிரி?"

பழகி வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. இன்சூரன்ஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவர் சர்டிபிகேட்டா என்று கேட்டுவிட்டாரே! அந்தச் சந்தோஷத்தின் மேல் பொய்யைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் எந்த முகத்தோடு போய் உட்காருவேன்?

"இல்லப்பா. அது ஃபைன். நான் ஓவர் ஸ்பீடுல போனேன். கேமராவுல மாட்டிக்கிட்டேன். தப்பு என்மேலதான்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"எவ்வளவுல போன?"

"எழுபத்திரண்டு. அறுபதுதான் போகலாம்."

"மழையா?"

"இல்லப்பா."

"ஆளு குறுக்க வந்தானா?"

"இல்லப்பா. ஒருத்தன் பின்னாடி ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தான். ஓட்டத் தெரியலன்னு சொன்னான். கோவத்துல மிதிச்சிட்டேன்."

அப்போதுதான் வெடித்தார். "ஏட்டி, அவன் ஹாரன் அடிச்சா ஒனக்கென்ன? முப்பத்தோரு வருசம் எம் பின்னால ஹாரன் அடிக்காத பய உண்டா? அவன் சொல்லிட்டான்னு மிதிப்பியோ? பக்கத்துல பிள்ளைய ஒக்கார வச்சிக்கிட்டு! ரோசத்த வீட்டுல வச்சிட்டு வண்டிய எடுக்கணும்னு தெரியாது?" போன் பட்டென்று வைக்கப்பட்டது.

ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். மகள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "ஏன்மா சொன்னீங்க?" என்றாள். தெரியவில்லை என்றேன்.

அன்று இரவே அபராதப் பக்கத்தைத் திறந்தேன். ஓட்டியவர் உரிமையாளர் இல்லையென்றால் ஓட்டியவர் விவரம் தரவும் என்று ஓர் இடம் இருந்தது. அப்படியே பணத்தைக் கட்டி முடித்திருக்கலாம், பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் என் பெயரையும் உரிம எண்ணையும் அடித்தேன். அப்பாவின் பேரில் கேஸ் இல்லாமல் முப்பத்தோரு வருடம் பேருந்தும் ஆறு வருடம் காரும் ஓடியிருக்கின்றன, அது அப்படியே இருக்கட்டும். வேகமாகப் போனது நான். என் பெயர் தப்பில்லாமல் வந்திருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அனுப்பினேன், பணத்தையும் கட்டினேன். வெட்கக்கேடு என்று நினைத்தால் வெட்கக்கேடு. எனக்கு என்னவோ அந்த நிமிடம் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

அடுத்த நாள் ஆறரைக்குப் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் போட்டால் எடுக்கவில்லை. அண்ணனுக்கு விஷயம் போயிருக்கும், சொன்னேன் பாத்தீங்களா என்று அவன் சொல்லியிருப்பான், வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லி அப்பா வாய் திறக்க யோசித்துக்கொண்டிருப்பார் என்றெல்லாம் நானே கதை கட்டிக்கொண்டேன். வண்டியைத் துடைத்து, கவர் போட்டு மூடி வைத்தேன். ஆபீசுக்கு பஸ்ஸில் போனேன்.

நாலாம் நாள் மத்தியானம், ஆபீஸ் நேரத்தில், அப்பா கூப்பிட்டார். வராந்தாவுக்கு ஓடினேன்.

"ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயிட்டு வந்தேன்" என்றார் எடுத்த எடுப்பில். "மூணு நாளு அலைய விட்டுட்டானுவ. பேரு மாத்துத ஃபாரத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டேன். டெல்லிக்கு மாத்த என்.ஓ.சி.யும் வாங்கியாச்சி. எல்லாம் கொரியர்ல வரும். வண்டிய ஒம் பேருக்கு மாத்திக்க."

கைகழுவுகிறார் என்றுதான் நினைத்தேன். "இன்னும் கோவமாப்பா? ஒங்க பேர்ல கேஸ் வராதுப்பா. ஓட்டினது நான்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"தெரியும். ஒம் மவ சொன்னா. கோவந்தான், இல்லன்னு யாரு சொன்னா? இன்னொரு தரம் அறுபதத் தாண்டுனா நேர்ல வந்து சாவிய பிடுங்கிருவேன்."

"பேர் மாத்துனா டெல்லி நம்பர் ஆயிடும்பா. நம்ம ஊரு நம்பர் போயிடும்."

"போட்டும். டெல்லியில ஓட்டுதவளுக்கு டெல்லி நம்பருதான்."

யாரிடமோ சர்க்கரை இல்லாமல் ஒரு டீ சொன்னார். பின்னால் டீக்கடை ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"நேத்து ஒங்கண்ணன் வந்து நின்னான். ஃபைன் வாங்கினவளுக்கே வண்டிய எழுதிக் குடுப்பீங்களோன்னு கேட்டான்."

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"டிப்போவுல எத்தன பேர பாத்திருக்கேன். வண்டிய இடிச்சுப்போட்டு பிரேக் பிடிக்கலம்பான், கண்டக்டர் விசில் அடிக்கலம்பான், மாடு வந்துதும்பான். நாந்தான்னு சொன்னவன் நாலு பேரு இருக்க மாட்டான். அதான் அவன்ட்ட சொன்னேன், வண்டிய பிள்ளைக்குக் குடுக்கலலே, டிரைவருக்குக் குடுக்கேன்னு."

ஆபீஸ் வராந்தா என்றும் பார்க்காமல் அழுதேன்.