வீட்டைப் பார்த்த செருப்பு

அஸ்தம்பட்டி சிக்னலைத் தாண்டி, தீயணைப்பு வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. கையிலிருந்த காபியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

நாமக்கல்லில் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். அப்பா தீயணைப்பு வீரர். வீட்டுக்குள் நுழையும் முன் செருப்பைத் தெருவைப் பார்க்கத் திருப்பி விட்டுவிட்டுத்தான் வருவார். நிலையத்தில் மணி அடித்தால் அப்படியே காலை நுழைத்து ஓட வேண்டும். பாதிச் சாப்பாட்டில் எத்தனையோ முறை எழுந்து ஓடியிருக்கிறார். அம்மா தட்டை மூடி வைத்துவிட்டு, தானும் சாப்பிடாமல் காத்திருப்பாள். புகையும் நனைந்த காக்கியும் கலந்த வாடைதான் அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வரும்.

"ஊட்டுக்கு வந்தவராட்டம் இல்லீங்க, கெளம்பறவராட்டமே செருப்ப உடறீங்க" என்று அம்மா சலித்துக்கொள்வாள். அப்பா சிரிப்பார்.

ஓய்வுபெற்ற அன்று சாயங்காலம், கழுத்தில் மாலையோடு வந்தவர் முதல்முறையாகச் செருப்பை வீட்டைப் பார்க்க விட்டார்.

"இனி எங்கயும் ஓடறதில்ல சாமி. ஊட்டோடதான்" என்றார் என்னிடம்.

அன்று அம்மா அவரோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகும் எங்காவது வண்டிச் சத்தம் கேட்டால் அப்பா வாசலுக்கு வந்துவிடுவார். சத்தம் ஓயும்வரை உள்ளே வரமாட்டார்.

இப்போது இருவருமே இல்லை. அப்பா கடைசியாகப் போட்டிருந்த செருப்பை இங்கே என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, ஓய்வுக்குப் பிறகு அவர் விட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஏற்காடு ரோட்டில் மணிச்சத்தம் தேய்ந்து ஓய்ந்தது. செருப்பு வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உள்ளே நான் மட்டும்தான் இருக்கிறேன்.