காருக்கு ஒரு பைக் பம்ப்

டிப்ளமோ முடித்துவிட்டு இன்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன் நான். வகுப்பில் மற்றவர்கள் முதல் வருடத்திலேயே ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தங்களுக்குள் மச்சான் என்பார்கள், என்னை மட்டும் ப்ரோ. மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையோடு பேச்சு முடிந்துவிடும்.

கல்லூரியில் மாணவர்களே சேர்ந்து ஒரு சின்னப் பந்தயக் கார் செய்துகொண்டிருந்தார்கள். ஒரே ஆள் உட்காரும் கார், முதுகுக்குப் பின்னால் பைக் இன்ஜின். வேறு மாநிலத்தில் நடக்கும் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். நாலு பேரோடு பழகலாமே என்று நானும் பெயர் கொடுத்தேன். குழுவில் ஹாஸ்டலில் தங்காதவன் நான் ஒருவன்தான். எல்லா முடிவும் மெஸ்ஸில் சாப்பிடும்போதே ஆகிவிடும். காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தால், "அது நேத்தே பேசியாச்சு ப்ரோ" என்பார்கள்.

டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து இன்ஜினுக்கு அழுத்தி அனுப்பும் பம்ப் மட்டும் யாருக்கும் வேண்டாத வேலையாகக் கிடந்தது. "நீங்களே பாத்து ஒண்ணு செலக்ட் பண்ணிடுங்க ப்ரோ" என்றான் கேப்டன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

இன்ஜினோடு வந்த பம்ப் உயரமானது. சீட்டுக்குப் பின்னால் இடுக்கில் வைக்க வேண்டியிருந்ததால் எங்கள் டேங்க் குட்டை. டேங்குக்கு வெளியே மாட்டுகிற கார் பம்ப் போடலாம். ஆனால் அது தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் சோம்பேறி. அதனால் டேங்கைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், அங்கே கை நுழையக்கூட இடமில்லை. சின்ன பேட்டரியையும் அது சீக்கிரம் குடித்துவிடும். மிச்சம் ஒரே வழி, சின்ன பைக் ஒன்றின் குட்டைப் பம்ப்பை டேங்குக்குள்ளேயே வைப்பது.

ரயில்வே ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

"எந்த வண்டிக்குபா பம்பு?"

"காருக்குண்ணா."

"இது பைக்கு கடைபா. கார் கடை அந்தாண்ட இருக்குது."

"காருக்குத்தாண்ணா. ஆனா பைக் பம்பு வேணும்."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சொல்ற நீ? வண்டி எங்க நிக்குது?"

"இன்னும் முடியலண்ணா. செஞ்சிக்கினு இருக்கோம்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் மூன்று பம்ப்களை எடுத்து மேசைமேல் வைத்து, நான் ஸ்கேலால் ஒவ்வொன்றாக அளக்கிறவரைக்கும் பொறுமையாக இருந்தார். அந்த மாதத்தில் காரைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

வாங்கிய பம்ப் போதுமான அளவு பெட்ரோல் தள்ளுமா என்று சோதிக்க வேண்டியிருந்தது. ஒருவர் சுவிட்ச் போட வேண்டும், இன்னொருவர் அளவு ஜாடியையும் பிரஷர் கேஜையும் பார்க்க வேண்டும். கேட்டால் யாராவது வந்திருப்பார்கள். கேட்கக் கூச்சம். ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செங்கல்லில் போனைச் சாய்த்து வீடியோ எடுத்து, பிறகு ஓடவிட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். பத்து நாள் இப்படி. ஏன் இந்தப் பம்ப் என்று நான்கு பக்கம் எழுதி குரூப்பில் போட்டேன். ஒருவன் கட்டைவிரல் காட்டினான். அடுத்த நிமிடமே டீ-ஷர்ட் எந்தக் கலர் என்று பேச்சு கிளம்பி, என் நான்கு பக்கமும் மேலே எங்கேயோ போய்விட்டது.

கார் முதல்முறை ஓடிய அன்று நேராகப் பறந்தது. இடப்பக்கம் வேகமாகத் திருப்பினால் மட்டும் இன்ஜின் விக்கியது. ஓட்டியது மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி. ஹெல்மெட்டைக் கழற்றி, "லெஃப்ட்ல மட்டும்தான் கட் ஆகுது" என்றாள். எல்லாரும் குனிந்து ஒயர்களை இழுத்துப் பார்த்தார்கள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. இடப்பக்கம் திரும்பும்போது பெட்ரோல் டேங்கின் வலது ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகிறது, இடது ஓரத்தில் இருக்கும் பம்ப் காற்றைக் குடிக்கிறது. ஜாடியில் அளந்தபோது எல்லாம் அசையாமல் நின்றிருந்தது. கார் திரும்பும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவேயில்லை.

"பம்ப்தான் காரணம். தப்பு என்னுது" என்றேன்.

கேப்டன் நிமிர்ந்தான். "ஓ, பம்ப் நீங்களா பாத்தீங்க?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே மறந்திருந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

பம்ப்பைச் சுற்றி ஒரு சின்னப் பெட்டி அடித்து, அடியில் மட்டும் துளை விட்டால், உள்ளே வந்த பெட்ரோல் சட்டென்று வெளியே ஓடாது. டேங்கைத் தூக்கிக்கொண்டு வாலாஜாபாத்தில் ஆர்கான் வெல்டிங் செய்பவரிடம் போனேன். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "வாசனை அடிக்குதுபா. பத்த வெச்சா நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன். கழுவிக் காய வெச்சு எடுத்துனு வா" என்று திருப்பி அனுப்பினார். சோப்புத் தண்ணீர் விட்டு நாலைந்து தடவை கழுவி, மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். அம்மா கம்பெனி கேன்டீன் வேலையில் ஷிப்ட் மாறி மாறிப் போவாள். வீட்டில் நானும் டேங்கும்தான். மணிக்கொரு தரம் மாடியேறி மோந்து பார்த்தேன். மூன்றாம் நாள் அவரிடமே பெட்டி பொருத்தி வாங்கி, கல்லூரிக்கு எடுத்துப்போய் மாட்டினேன். விக்கல் நின்றது.

போட்டிக்குப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. அவர்கள் அங்கே போன பிறகு ஒரு சாயங்காலம் கேப்டன் போன் செய்தான். அப்போது நான் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன்.

"ப்ரோ, நாளைக்கு ஜட்ஜ் ஏன் இந்தப் பம்ப்னு கேப்பாங்களாம். எங்களுக்கு ஒண்ணும் தெரியல. ஸ்பீக்கர்ல போடறேன், சொல்லுங்க."

சொன்னேன். கடை, அளவு ஜாடி, என் தப்பு, பெட்டி என்று எல்லாவற்றையும் விடாமல் சொன்னேன். இரண்டு பஸ் போய்விட்டது. நடுவில் யாரோ, "இருங்க, எழுதிக்கிறேன்" என்றார்கள். அந்தக் குழுவில் நான் அவ்வளவு நேரம் பேசியதும், அவர்கள் அவ்வளவு நேரம் கேட்டதும் அன்று ஒருநாள்தான்.

போட்டியில் இருந்த நீண்ட தூரப் பந்தயத்தைக் கார் முழுக்க ஓடி முடித்தது. பரிசு ஒன்றும் இல்லை, பட்டியலின் நடுவில் எங்கேயோ ஓர் இடம். குரூப்பில் வந்த போட்டோவில் எல்லாரும் ஒரே டீ-ஷர்ட்டில் இருந்தார்கள். காரை ஓட்டிய அந்த மூன்றாம் ஆண்டு மாணவி எனக்குத் தனியாக, "எந்தத் திருப்பத்துலயும் கட் ஆகல. தேங்க்ஸ்" என்று அனுப்பியிருந்தாள்.

பதிலுக்கு என்னென்னவோ டைப் செய்தேன், அழித்தேன். கடைசியில், "லாரியில ஏத்துறதுக்கு முன்னாடி டேங்கைக் காலி பண்ணச் சொல்லுங்க" என்று மட்டும் அனுப்பினேன்.