நீளக் கூந்தலின் சாட்சி

என் இடது காதின் மேல்விளிம்பில் ஒரு சின்னத் தழும்பு உண்டு. போட்டவர் எங்கள் தெரு சலூன்காரர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லப்போனால், அவர் எவ்வளவு பெரிய மனிதர் என்று அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இருபத்திரண்டு வருடம் கத்தி பிடித்த கை. வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும், கை பாட்டுக்கு வேலை பார்க்கும். அன்று ரத்தம் வந்ததும் படிகாரத்தை வைத்து அழுத்திவிட்டு, தன் வலது கையை நீட்டிப் பார்த்தார். விரல்கள் நடுங்கின.

"நீங்க தலையை ஆட்டல சார். என் கைதான் ஆடுது. ரெண்டு மாசமாவே இப்படித்தான்."

நானாக இருந்தால் பழியை உட்கார்ந்திருந்தவன் தலையில் கட்டியிருப்பேன். அவரோ மறுநாளே 'ஷேவிங் கிடையாது' என்று கண்ணாடியில் அட்டை மாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே சாப்பாட்டைப் பற்றி. இவர் வீட்டில் தினமும் ஆற்று மீன்.

"ஆத்துல பாதரசம் கலந்தா அது மீன்ல சேரும். மீனைத் தின்னா நம்ம நரம்பைக் கெடுக்கும். முடியைச் சோதிச்சா தெரிஞ்சிடும்," என்றார் அவர்.

சலூன்காரருக்கு முடிக்கா பஞ்சம்? கேட்டுச் சம்மதம் வாங்கி, நாற்பது பேர் முடியை உறைகளில் போட்டார். வீட்டு எண், வாரத்துக்கு எத்தனை நாள் மீன் என்று மேலே எழுதினார். சோதித்துப் பார்த்ததில், மீன் அதிகம் தின்றவர்கள் முடியில் பாதரசமும் அதிகம் இருந்தது.

டாக்டரம்மா புகார் கொடுத்து, கலெக்டர் வைத்த விசாரணைக் கூட்டத்தில், ஆற்றின் மேல்கரையில் பாதரசம் போட்டு டியூப்லைட் செய்யும் கம்பெனியின் மேனேஜர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"அது இந்த ஆத்து மண்ணுல காலங்காலமா இருக்கறது. நாங்க வந்து அஞ்சு வருஷம்தானே ஆகுது?"

கம்பெனி வருவதற்கு முன் எங்கள் உடம்பில் பாதரசம் இல்லை என்று காட்டியாக வேண்டும். நாற்பது உறையிலும் இருந்தது ஒன்றிரண்டு மாத முடி. அதற்கு முந்தையதை எல்லாம் சலூன்காரரே வெட்டிக் குப்பையில் கொட்டியிருந்தார். அவர்தான் கடைசியில் எழுந்தார்.

"டாக்டரம்மா, முடி மாசம் ஒரு சென்டிமீட்டர் வளரும். நுனி பழசு, வேர் புதுசு. அப்போ இடுப்பு வரைக்கும் இருக்கற முடியில ஏழு வருஷம் இருக்குமில்ல?"

டாக்டரம்மா ஆமென்று தலையாட்டினார். அது அவருக்கே தோன்றவில்லையாம்.

இடுப்பு வரை முடி இருந்தது சலூன்காரர் மனைவிக்கு. கல்யாணமான நாளிலிருந்து புருஷனின் கத்தரிக்கோலை அவர் தன் தலைக்குப் பக்கத்தில் விட்டதில்லை. அன்று தானாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏங்க, எவ்வளவு வேணும்?"

"பென்சில் கனத்துக்குப் போதும். ஆனா வேரை ஒட்டி வெட்டணும். என் கை ஆடுதே."

"நான் பிடிச்சுக்கறேன். நீங்க வெட்டுங்க."

பின்கழுத்துக்கு மேலே ஒரு கற்றையை நூலால் கட்டினார். அந்த அம்மா கையைப் பின்னால் கொண்டுபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கத்தரிக்கோல் ஒரே வெட்டில் கற்றையைத் துண்டித்தது.

டாக்டரம்மா அதைத் துண்டு துண்டாக்கிச் சோதித்தார். நுனிப் பக்கத்து இரண்டு வருட முடியில் பாதரசம் இல்லை என்றே சொல்லலாம். அங்கிருந்து வேர்வரை ஏறிக்கொண்டே போனது. தெருவில் இன்னும் எட்டுப் பெண்கள் முடி கொடுத்தார்கள். ஒன்பதிலும் கம்பெனி வந்த காலத்தில்தான் ஏற்றம். கம்பெனியின் கழிவுநீர்க் குழாயை அதிகாரிகள் அடைத்தார்கள்.

மீனை நிறுத்தியாயிற்று. கை மட்டும் பழையபடி ஆகுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. வெட்டிய இடத்தில் முளைத்த முடி பிரஷ் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது என்று அந்த அம்மா சலித்துக்கொண்டார். ஒரு வருடம் கழித்து அதிலும் கொஞ்சம் வெட்டி அனுப்பினார்கள். பாதரச அளவு இறங்கியிருந்தது.

அன்றிலிருந்து சலூன்காரர் தினமும் ஒரு பலூனை ஊதி, சோப்பு நுரை தடவி, கத்தியால் வழித்துப் பார்த்தார். தினமும் வெடித்தது. போன மாதம் தொடர்ந்து பத்து நாள் வெடிக்கவில்லை.

நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஷேவிங்."

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"பயமா சார்?"

"ஆமா."

"எனக்கும்தான்."

இடது காதோரம் கத்தி நின்றது. ஒரு மூச்சு இழுத்துவிட்டு, வழித்து முடித்தார். படிகாரத்தை எடுக்க வேண்டியிருக்கவில்லை.