நடுக்கம் நின்றவர்

நம்புகிறவர்கள் நம்புங்கள். என் அக்காவுக்குக் கதை கட்டத் தெரியாது. சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடிக்குக்கூட உள்ளதை உள்ளபடி சொல்லி என்னை மாட்டிவிட்டவள் அவள்.

அக்கா முனைவர் பட்டம் முடித்த மூளை ஆராய்ச்சியாளர். பார்க்கின்சன் நோய் முற்றுவதை ஒரு மாத்திரை தாமதப்படுத்துமா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. எங்கள் அம்மாவுக்கும் அதே நோய். இரண்டு வருடமாக யாருக்கும் ஒரு முன்னேற்றமும் இல்லை. அக்காவுக்கு மனசு மரத்துப்போயிருந்தது.

அன்று பிற்பகல் 3:10. பதினேழாம் எண் வந்தார். அக்காவின் ஆய்வகத்தில் நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எப்போதும் மனைவி கைப்பிடித்து அழைத்து வருவார். அன்று தனியாக வந்தார். கால் தேய்க்கும் சத்தம் இல்லை. சட்டைப் பொத்தான்களை எல்லாம் சரியாகப் போட்டிருந்தார்.

விரலால் பலகையைத் தட்டும் சோதனை; தட்டுகளைக் கணினி எண்ணிப் பதியும். பத்து விநாடி. வழக்கமாக, டக்... ... டக்... அன்று, டக்டக்டக்டக்டக். கை துளியும் நடுங்கவில்லை.

“காலையில உங்க கைதான் லேசா நடுங்குச்சு,” என்றார்.

“காலையிலயா? நாம பாக்கவே இல்லையே சார்?”

அவர் சிரித்தார். அந்த முகம் சிரித்து அக்கா பார்த்ததே இல்லை. பிறகு எழுந்து போய்விட்டார்.

3:25. அக்கா அம்மாவுக்குப் போன் போட்டாள். “ஒருத்தருக்கு நடுக்கம் நின்னுடுச்சும்மா. மருந்து கேக்குது.” அம்மா போனிலேயே அழுதுவிட்டாள்.

3:40. பதினேழாம் எண்ணின் மனைவி போனில் அழைத்தார்.

“அவர் நேத்து ராத்திரி தவறிட்டாரும்மா. மூளைய உங்க ஆராய்ச்சிக்கே குடுக்கணும்னு எழுதி வச்சிருந்தாரு. விடிஞ்சதுமே அனுப்பிட்டாங்க... வந்துச்சா?”

வந்திருந்தது. காலை ஒன்பது மணிக்கு, பனிக்கட்டிப் பெட்டியில், வேறு ஏதோ எண் ஒட்டி. யாருடையது என்று தெரியாமல் அக்காதான் அதை வெட்டினாள். தனியாக. கத்தி பிடித்த கை லேசாக நடுங்கியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கணினியைத் திறந்து பார்த்தாள்.

3:10. பத்து விநாடி. ஐம்பத்தெட்டு தட்டு.

அழியவில்லை... இன்றும் இருக்கிறது.

அக்காவுக்குப் பயம்கூட வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா வாசலிலேயே காத்திருந்தாள்.

“நிஜமாவே அவருக்கு நின்னுடுச்சாடி?”

“நின்னுடுச்சும்மா.”