குடிக்காத மனுசன்

நூம்பலில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் படிக்கட்டு துடைக்கும் அக்காவின் கணவருக்கு வலது கையில் விரல்கள் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மிஷின் ஓட்டியவர். கை உள்ளே போனால் மிஷினை நிறுத்திவிடும் சென்சாரை, வேலை வேகமாக ஓடட்டும் என்று முதலாளியே கழற்றி வைத்திருந்தார். விரல்கள் போனதும், ஆள் குடித்திருந்தான் என்று கம்பெனி எழுதி, ஆஸ்பத்திரியிலேயே அவருடைய இடது கை ரேகையையும் அதில் வாங்கிக்கொண்டது.

இதைப் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்றபோது அக்கா கேட்டது ஒன்றுதான்.

"பேரு கூட வாணாம் தம்பி. அந்த மனுசன் குடிக்கமாட்டாருன்னு மட்டும் எழுது. சொந்தக்காரனே நம்பமாட்றான்."

எழுதினேன். சொல்லப்போனால் அந்த வரிக்காகத்தான் கட்டுரையே எழுதினேன்.

அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் எனக்கு நான்கு வருடப் பழக்கம். கட்டுரையில் முப்பது, நாற்பது இடங்களில் பச்சை நிறத்தில் திருத்தம் போட்டுத் திருப்பி அனுப்புவார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்கவேண்டும். ஆரம்பத்தில் ஒரு கமாவுக்குக்கூட மல்லுக்கு நின்றிருக்கிறேன். அப்புறம் கொஞ்சம் அடங்கினேன். ஒருநாள் போனில், "உங்களை மாதிரி முகம் சுளிக்காம ஏத்துக்கிற ஆள் கிடைக்கிறது கஷ்டம் சார்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு எழுத வந்தவனை யார் பாராட்டுகிறார்கள்? அதிலிருந்து, எல்லாத் திருத்தங்களையும் மொத்தமாக ஏற்கும் பொத்தானை ஒரே அழுத்து.

இந்தக் கட்டுரைக்கும் போனிலேயே அப்படித்தான் அழுத்தினேன். வேலப்பன்சாவடி சிக்னலில் பஸ் நின்றிருந்தது.

இதழ் வந்தது. என் பெயருக்குக் கீழே, முதல் பத்தியிலேயே, 'அன்று அவர் கொஞ்சம் குடித்திருந்தார்' என்று இருந்தது. நான் எழுதிய வரியைத் தேடித்தேடிப் பார்த்தேன், எங்கும் இல்லை.

ஆசிரியருக்குப் போன் போட்டேன். அவர் குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

"குறையே இல்லாத ஆளா காட்டினா வாசகன் நம்பமாட்டான் சார். கொஞ்சம்னுதானே போட்டேன்? நீங்களும் ஓகே பண்ணிட்டீங்களே."

அடுத்த இதழில் மறுப்பு போடச் சொன்னேன். இதுக்கெல்லாமா என்று சிரித்தார். நம்பவைத்துக் கழுத்தையும் அறுத்துவிட்டு, சாட்சிக்கு என்னையே கூப்பிடுகிறார்.

மறுநாள் காலை அக்கா இரண்டாவது மாடிப் படிகளில் இருந்தார். அவர் மகள் கட்டுரையைப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"நான் எழுதலக்கா. ஆசிரியர் மாத்திட்டார்" என்றேன்.

"அச்சடிக்கறதுக்கு மின்ன உன்கிட்ட காட்டலியா?"

"காட்டினாரு. நான்தான் படிக்காம சரின்னுட்டேன்."

அக்கா துணியைப் பிழிந்தார்.

"எங்க ஊட்டுக்காரரும் படிக்காமத்தான் கைநாட்டு வெச்சாரு. அவருக்குப் படிக்கத் தெரியாது நைனா. உனக்குத் தெரியுமே."

நான் நின்றிருந்த படியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கடுத்த படியைத் துடைக்க ஆரம்பித்தார்.