சின்ன டம்ளர் வைத்த வட்டம்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சூடான எதையும் மேசையில் நேராக வைக்கக் கூடாது. பனையோலைத் தட்டு போட்டு அதன்மேல்தான் வைக்க வேண்டும். விருந்தாளி மறந்து வைத்துவிட்டால் நானே அவர் டம்ளரைத் தூக்கி அடியில் தட்டைச் சொருகுவேன். மரியாதை தெரியாத மனுஷன் என்று சிலர் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அரக்குப் பாலிஷுக்குச் சூடு ஆகாது. கொதிக்கிற டம்ளரை வைத்து எடுத்தால் அந்த இடம் வட்டமாக வெளுத்துவிடும்.

நான் பாலிஷ்காரன். எழுபதுகளில் தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்தபோது ஆளாளுக்கு ஆபீஸ் திறந்தார்கள். ஆபீஸ் என்றால் தேக்கு மேசை வேண்டும், மேசை என்றால் அதில் முதலாளியின் முகம் தெரிய வேண்டும். வேலைக்குப் பஞ்சமில்லை. அரக்கைக் கரைக்கிற ஸ்பிரிட்டுக்குத்தான் பஞ்சம். மதுவிலக்கு திரும்பவும் வந்திருந்த காலம். சைக்கிளில் பாட்டிலைக் கட்டிக்கொண்டு போனால் போலீஸ்காரர் நிறுத்தி, மூடியைத் திறந்து மோந்துவிட்டு, "ஊதும் வே" என்பார். ஊதுவேன். ஸ்பிரிட் நாற்றம் என் கையில்தான் இருக்கும், வாயில் இருக்காது. அதை அவர் நம்புவதற்குள் வெயில் ஏறிவிடும்.

எங்கள் மேசை, ஒரு பழைய தோணியை உடைத்தபோது கிடைத்த தேக்குப் பலகையில் செய்தது. கல்யாணமான புதிதில் நானே உப்புத்தாள் தேய்த்து, நானே பாலிஷ் போட்டேன். காலையில் அதில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். எங்கள் மகனுக்கு நடை வந்ததிலிருந்து அவனும் எனக்கு எதிரே உட்கார வேண்டும். நான் குடிக்கிற மாதிரியே ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். அதற்கென்று அவன் அம்மா சின்னதாக ஓர் எவர்சில்வர் டம்ளர் வாங்கி வைத்திருந்தாள். அதில் பாலும், பேருக்குக் கொஞ்சம் காப்பியும்.

ஒருநாள் அடுப்படியிலிருந்து தானே எடுத்து வருவேன் என்று அடம்பிடித்து வாங்கி வந்தான். சூடு தாங்கவில்லை. கீழே போடவும் மனசில்லை. ஓடிவந்து எனக்கு எதிரே வெறும் மேசையில் டொக்கென்று வைத்துவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

"ஏலே, தட்டு எங்கலே?" என்றேன்.

"ஒங்க தட்டுதான் அங்கன இருக்கே" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து டம்ளரை எடுத்தபோது வட்டம் விழுந்திருந்தது. சின்ன வட்டம், கோலப்பொடியால் போட்ட மாதிரி. ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு தடவு தடவினால் போய்விடும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊர் மேசையைப் பளபளப்பாக்குகிறவனுக்குத் தன் வீட்டு மேசைக்கு எங்கே நேரம்?

அந்த ஐப்பசியில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைக்கவில்லை. நாலு வயசு முடியவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து நான் உட்கார்ந்த இடம் அந்த மேசைதான். வட்டம் எனக்கு எதிரே அப்படியே இருந்தது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் நட்சத்திரம் தொங்கவில்லை. பண்டிகைக்கு முந்தின வாரம், மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் அம்மா துணியோடு நின்றுவிட்டாள்.

"அதை எடுத்துருங்க."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதிய. துடைக்கையில என் கை அங்கனயே போய் நிக்கி. அப்புறம் எனக்கு அடுப்படி வேலையே ஓட மாட்டேங்கு. என்னால முடியல."

எனக்கோ அந்த வட்டத்தைப் பார்க்காமல் காப்பி இறங்காது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? ஆளுக்கொரு துக்கம் என்றால்கூடப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே துக்கம், அதை அவள் அழிக்கச் சொல்கிறாள், நான் காப்பாற்றப் பார்க்கிறேன்.

"மழைக்காலம்ளா. ஈரக்காத்துல போட்டா பாலிஷ் பூத்துரும்" என்றேன்.

அது பொய்யில்லை. கடற்காற்று ஈரமாக வீசும்போது பாலிஷ் போட்டால் முழுப் பலகையும் புகை படிந்த மாதிரி வெளுத்துப்போகும். மழையைச் சாக்கு வைத்து மார்கழி முழுக்கத் தள்ளினேன். தை பிறந்தது. உப்பளத்துப் பக்கமிருந்து காய்ந்த காற்று வீசத் தொடங்கியது. அவள் கொடியில் காய்ந்த என் வேட்டியை எடுத்து மடித்துக் கையில் கொடுத்தாள். காற்று காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அரக்குச் சில்லை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டேன். ராத்திரி முழுக்க ஊறி, காலையில் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்துப் பொட்டலம் கட்டினேன். இத்தனை வருஷத்தில் எந்த மேசைக்கும் இவ்வளவு மெதுவாக நான் ஏற்பாடு செய்ததில்லை. உப்புத்தாளையே தேடாத இடமெல்லாம் தேடினேன். அது கண்ணெதிரே கிடந்தது.

ஓரத்திலிருந்து தொடங்கினேன். பொட்டலத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுக்கொண்டு வட்டம் வட்டமாக ஓட்ட வேண்டும். கை நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் பொட்டலம் ஒட்டிக்கொண்டு பாலிஷைப் பிய்த்துவிடும். இது தொழிலின் முதல் பாடம். அந்த இடத்தை ஒதுக்கி ஒதுக்கிச் சுற்றிவந்தேன். கடைசியில் ஒதுக்க இடமில்லை. கையை உள்ளே விட்டேன்.

வாசலில் அவள் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"இருங்க" என்றாள்.

காதில் விழுந்தது. ஆனால் கை நிற்கவில்லை. நிற்காமல் பழகிய கை. பொட்டலத்தைத் தூக்கியபோது வட்டம் இல்லை. அத்தனை மாசம் எங்கள் இரண்டு பேரையும் ஆட்டிவைத்தது இரண்டு சுற்றில் போய்விட்டது. அவ்வளவு லேசாகப் போகும் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் தாங்க முடியவில்லை.

அவள் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். மேசையில் அவள் முகம்தான் தெரிந்தது.

"போயிட்டா?" என்றாள்.

"போயிட்டு."

அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஸ்பிரிட் நாற்றம் போக ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். 

மறுநாள் காலையில் வழக்கம்போல் உட்கார்ந்தேன். எனக்குக் காப்பி கொண்டுவந்து ஓலைத் தட்டில் வைத்தாள். திரும்பிப் போய், அந்தச் சின்ன டம்ளரைச் சேலைத் தலைப்பில் பிடித்துக்கொண்டு வந்தாள். அதில் கொதிக்கக் கொதிக்கப் பால் இருந்தது. புதுப் பாலிஷ் இறுக ஒரு வாரமாவது ஆகும், அதுவரை சூடு காட்டவே கூடாது என்பது பாலிஷ்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாதா? எனக்கு எதிரே, வெறும் மேசையில், அதே இடத்தில் வைத்தாள்.

நான் தட்டைச் சொருகவில்லை. பாலில் ஆடை படிந்து ஆறும் வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.