கையைப் பிடித்து இழுத்தவன்

கடலுக்கு நான் பயந்ததில்லை. புயலில் குப்பத்து வீட்டுக்குள் கடல் தண்ணீர் வந்தபோது கட்டில் மேல் ஸ்டவ்வை ஏற்றி வைத்துச் சோறு வடித்தவள். போலீசுக்கும் பயந்ததில்லை. மந்தைவெளியில் என் கூடையை எட்டி உதைத்த ஏட்டையே குனிந்து மீனைப் பொறுக்க வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு, நல்ல வெயிலில், பிள்ளைகள் சறுக்கு விளையாடும் இடத்தில் வைத்து உயிர்ப்பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. அதைத்தான் எழுதுகிறேன். மூணாம் கிளாஸோடு நின்ற எழுத்து. மெதுவாகத்தான் வரும்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எனக்கு ஒரு வாடிக்கை வீடு இருந்தது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர்கள். அந்த வீட்டம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மீனைத்தான் தின்றாள். அவர்கள் வேளச்சேரியில் ஃபிளாட் வாங்கிப் போனபோது, "நீங்க வரலைன்னா நாங்க மீனே திங்க மாட்டோம், பாத்துக்கிடுங்க" என்றாள். அந்தச் சொல்லுக்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் மந்தைவெளியில் ரயில் ஏறி, சங்கராவும் நெத்திலியும் கொண்டுபோய்க் கொடுத்து வந்தேன்.

அன்றைக்கும் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் விளையாட மணல் கொட்டி வைத்திருப்பார்கள். அதில் ஒரு பெண் குழந்தை, இரண்டு மூன்று வயதிருக்கும், காய்ச்சல் விட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தது. அதன் அம்மா பெஞ்சில் போன் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை எழுந்து வந்து என் கூடையை எட்டிப் பார்த்தது. மீந்த ஒரு சங்கராவைத் தூக்கிக் காட்டினேன். "கண்ணு தொறந்து தூங்குது" என்று சொல்லிச் சிரித்தது. அரிசிப் பல் அத்தனையும் தெரிந்தது. எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்து மனசு நிறைந்தால் சும்மா வந்துவிட மாட்டோம். நம் கண்ணே பட்டுவிடும். காலடி மண்ணில் ஒரு துளி எடுத்து, பிள்ளையைச் சுற்றி, முந்தானையில் முடிந்துகொண்டு போய் அடுப்பில் போடுவோம். பெற்றவளைக் கேட்டுச் செய்கிற வழக்கம் கிடையாது. கேட்டால் பலிக்காது. செய்வினைக்காரர்களும் காலடி மண்ணைத்தான் எடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் எங்கள் சந்தில் ஒரு கிழவி பிள்ளையின் காலடியில் குனிந்தால் யாரும் அதை நினைக்க மாட்டார்கள். அந்தக் கிழவி யாரென்று எல்லாருக்கும் தெரியும். வேளச்சேரியில் என்னை யாருக்குத் தெரியும்? அதை நான் யோசிக்கவில்லை.

குழந்தையின் காலடியில் ஒரு துளி மண் எடுத்துச் சுற்றி முந்தானையில் முடிச்சுப் போடும்போது அதன் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் கத்தினாள். அவள் என்ன கத்தினாள் என்று எனக்குப் புரிவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"பாப்பா காலடி மண்ண எடுத்து முடிஞ்சிருக்கா, பாருங்க! அவுக்கச் சொல்லுங்க!"

"பிள்ள புடிக்கறவங்க இப்படித்தான் வருவாங்க. கூடை, வளையல், பழைய துணி…"

"யார் உள்ள விட்டது இவள? செக்யூரிட்டி எங்க?"

"கூடையில என்ன இருக்குன்னு பாருப்பா."

ஒருவன் கூடையைக் கவிழ்த்தான். மீன் வெட்டும் கத்தி சிமெண்டுத் தரையில் விழுந்து சத்தம் போட்டது. "கத்தி! கத்தி வெச்சிருக்கா!" என்றார்கள். மீன்காரியிடம் கத்தி இல்லாமல் கண்மையா இருக்கும் என்று கேட்க நினைத்தேன்.  அதற்குள் என் கையைப் பிடித்துவிட்டார்கள்.

அவர்கள் ரவுடிகள் இல்லை. அதுதான் எனக்குக் கிலி. அரை டிராயர் போட்ட, கண்ணாடி போட்ட, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்ட முகங்கள். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை நன்றாகக் கழுவின மெத்துக் கை. விடவே இல்லை. பின்னாலிருந்து யாரோ என் தலைமுடியைப் பிடித்தார்கள். "இன்னிக்கு விட்டா நாளைக்கு வேற பிள்ள" என்று ஒரு பெண் குரல், கோபமே இல்லாமல், காய்கறி விலை சொல்கிற மாதிரி சொன்னது. இங்கேதான் சாகப்போகிறேன் என்று அப்போது தெரிந்துவிட்டது.

இரண்டாவது மாடி பால்கனியில் என் வாடிக்கை வீட்டம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"யம்மா! நீயே சொல்லும்மா, நான் யார்னு!" என்று கத்தினேன்.

எல்லாரும் மேலே பார்த்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மீனு கொண்டு வர்றது இவங்கதான். மத்தபடி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் மகனுக்கு முதல்முறை மீன்முள் தொண்டையில் சிக்கியபோது வெறும் சோற்றை உருட்டி விழுங்க வைத்து இறக்கியவள் நான்.

அப்போதுதான் வாட்ச்மேன் வந்தான். வடக்கத்தி ஆள், மீசை நரைத்தவன். நான் வரும்போதெல்லாம், மீனை அவன் பாஷையில் சொல்லி, "மச்சிலி அம்மா" என்று சல்யூட் வைத்துக் கிண்டல் செய்வான். இந்தத் தடவை சல்யூட் இல்லை. கூட்டத்தில் தோளை விட்டு இடித்துக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், கேட்டுப் பக்கத்து ரூமில் தள்ளிப் பூட்டினான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு முதுகு கொடுத்து நின்றான்.

"போலீஸ் வருது சார். போலீஸ் பாக்கும். அம்மா புராணா ஆள் சார், பழைய ஆள்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

"சாவியக் குடுடா!" என்றது ஒரு குரல். அவன் கன்னத்தில் அறை விழுந்த சத்தம் கேட்டது. அவன் முதுகு கண்ணாடியில் மோதியது. ஆனால் நகரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முதுகுதான், வியர்வையில் நனைந்த நீலச் சட்டை.

போலீஸ் வந்தது, விசாரித்தது, விட்டது. "பாட்டி, இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றார்கள். வாட்ச்மேன் என் கூடையை எடுத்துக் கையில் கொடுத்தான். கன்னம் வீங்கியிருந்தது.  நன்றிகூடச் சொல்லாமல் கூடையை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். மணிக்கட்டில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. என் சின்ன மகன் அதைப் பார்த்துவிட்டான். அவன் போட்ட சத்தத்தில் சந்தே வாசலில் வந்து நின்றது.

"எவன்மா கை வெச்சான்? சொல்லு!"

"நிறைய பேருடா. அப்புறம் அந்த வாட்ச்மேன் கையப் புடிச்சு இழுத்துக்கினு போய் ரூம்ல தள்ளிப் பூட்டி…"

"வாட்ச்மேனா? வடக்கத்தியானா?"

"ஆமா. அவன்தான்…"

அதற்கு மேல் யாருக்கும் காது இல்லை.

"நம்ம ஆயா மேலயே கை வெச்சிட்டானா?"

"எல்லாம் அவனுங்க வேலதான் மச்சி. பிள்ள புடிக்கறவனும் அவனுங்கதான், பயிய நம்ம மேல போடறதும் அவனுங்கதான்."

"எடு வண்டிய!"

நான் கத்தினேன். "டேய் நைனா, முழுசா கேளுடா! அவன் என்னக் காப்பாத்துனான்டா!" ஒருவன் என் தோளைத் தட்டிக்கொடுத்தான். "நீ பயந்துக்கீற ஆயா. கம்முனு படு. நாங்க பாத்துக்கறோம்." இரண்டு வண்டிகள் கிளம்பிப் போயே போய்விட்டன.

காலையில் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று அப்போது தோன்றியது. இது நான் தூக்கி வளர்த்த பிள்ளைகளின் குரல். வேளச்சேரியில் கேட்ட அதே குரல். அந்தப் பெண்ணை நான் சபிக்கவில்லை. அவள் தன் குழந்தையைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தாள். இவர்கள் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார்கள். ஒருவன்கூட, தான் ஒரு ஆளை வெறுப்பதாக நினைத்துக்கொண்டு வண்டி ஏறவில்லை. அதனால்தான் இது தீருவதே இல்லை போலிருக்கிறது. நல்லது செய்கிறோம் என்று கிளம்புகிறவனை எதைச் சொல்லி நிறுத்துவது?

அடுத்துக் கிளம்பிய மகன் வண்டியை மறித்துப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். "போ. நானும் வரேன். அவனுங்களுக்கு முன்ன போ" என்றேன். வழி நெடுக அவன் காதில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அடையாறு பாலம் தாண்டும்போது அவன் சொன்னான், "சரிம்மா, நீ சொல்றது கரெக்டாவே இருக்கட்டும். இருந்தாலும் அவனுங்கள நம்ப முடியாது."

போய்ச் சேர்ந்தபோது எங்கள் பிள்ளைகள் கேட்டு வாசலில் நின்றிருந்தார்கள். கேட்டு ரூமில் வேறு ஒரு வாட்ச்மேன், நம் ஊர்க்காரர்.

"அவனா? மத்தியானமே வேலைய விட்டுத் தூக்கிட்டாங்கம்மா. கண்டவங்கள உள்ள விட்டான்னு. பையத் தூக்கிக்கினு ஸ்டேஷன் பக்கம் போனான்."

"பாத்தியா, ஓடிட்டான்" என்றான் ஒருவன். "தப்பு பண்ணலன்னா எதுக்கு ஓடறான்?"

"ஓடலடா, தொரத்தி வுட்டாங்க!" என்றேன். அவர்கள் அதற்குள் ஸ்டேஷன் பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

வேளச்சேரி ஸ்டேஷனில் ஏறி இறங்கித் தேடினோம். அவன் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் நான் தேடுவது ஒன்றுக்கு, எங்கள் பிள்ளைகள் தேடுவது வேறொன்றுக்கு. நீலச் சட்டை கண்ணில் பட்டபோதெல்லாம், அவனாக இருக்கக் கூடாது, அவனாக இருக்கக் கூடாது என்று மாதாவையும் முண்டகக்கண்ணி அம்மனையும் சேர்த்தே கூப்பிட்டேன். ஒருத்தனும் அவனில்லை. ரயில் போய்விட்டது. காப்பாற்றின ஆளைப் பார்க்காமல் வந்ததற்காகக் கும்பிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

போன வாரம் விடியலில் கரையில் ஏலத்துக்கு நின்றிருந்தேன். வடக்கே வேறொரு குப்பத்திலிருந்து வந்த மீன்காரி ஒருத்தி சுற்றி நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேளச்சேரில நம்ம ஆயா ஒருத்திய வடக்கத்தி வாட்ச்மேன் ரூம்ல போட்டு அட்ச்சே கொன்னுட்டானாமே. நரச்ச மீசக்காரனாம். இன்னும் போலீஸ்ல மாட்டலயாம்."

"யம்மா, அந்த ஆயா நான்தான்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ நல்லாத்தான கீற?"

"நல்லாக் கீறேன்னா அவனாலதான். அவன்தான் அடி வாங்கிக்கினு என்னக் காப்பாத்துனான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அது வேற ஆயாவா இருக்கும்" என்றாள்.

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள். அங்கே ஷேர் ஆட்டோவுக்கு இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்களிடம் அவள் வாய் திறப்பதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று பின்னாலேயே நடந்தேன். மணலில் அவள் வேகத்துக்கு என் கால் வரவில்லை.